அனுபவம்: மாமனார்

இப்போதெல்லாம் தன்னைப் பற்றித் தானே இரண்டு பக்கம் புகழ்ந்து எழுதிக்கொண்டு போய் நீட்டினால்தான் ஒருவனுக்கு வேலை. நான் நேர்மையானவன், நான் கடின உழைப்பாளி, நான் எல்லோருடனும் ஒத்துப்போகிறவன், எனக்குப் பொறுமை அதிகம் என்று கூசாமல் எழுதுகிறார்கள். பொறுமை இருக்கிறவன் அதை எழுதிக் காட்டிக்கொண்டு அலைவானா? எழுதுகிறவனுக்கும் வெட்கமில்லை, வாங்கிப் படித்துத் தலையாட்டுகிறவனுக்கும் வெட்கமில்லை. நடுவில் கம்ப்யூட்டர் கடைக்காரன் ஒருவன் உட்கார்ந்து, காலையில் ஒருவனுக்கு அடித்த புகழ்ச்சியையே மாலையில் இன்னொருவனுக்குப் பெயரை மட்டும் மாற்றி அடித்துக் கொடுக்கிறான்.

கிழவர் லாரி ஓட்டப் போன அன்று முதலாளி சாவியைத் தூக்கிப் போட்டு, "பின்னாடி இருக்கிற சுவரை இடிக்காம ரிவர்ஸ் எடு" என்றார். எடுத்தார். அதோடு சரி. வேலையை விட்டு நிற்கும்வரை அவரைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை, அவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இதையெல்லாம் அவர் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருக்கவில்லை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, சமையலறை மேஜையில் இருந்த மருமகளுக்குக் கேட்கவேண்டும் என்றே உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்காக அவர் பெரிதாகச் சிரமப்படவும் வேண்டியதில்லை. தெருவில் அவருக்கு ஹாரன் என்று பெயர். அவர் காதுபட மட்டும் சொல்ல மாட்டார்கள்.

மருமகள் தலையைத் தூக்கவில்லை. ஆம்புலன்ஸில் போய் அடிபட்டவர்களையும் மயங்கி விழுந்தவர்களையும் தூக்கி வருகிற அவசர உதவியாளர் படிப்பை அவள் முடித்திருந்தாள். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு சேர்ந்த படிப்பு. கூடப் படித்தவர்கள் எல்லோரும் அவளை அக்கா என்று கூப்பிடுகிற வயசுக்காரர்கள். மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற ஆம்புலன்ஸ் நிலையத்தில் ஓர் ஆள் தேவை என்று அறிவித்திருந்தார்கள். ஒரே ஓர் ஆள். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பயோடேட்டா கொடுக்கவேண்டும். அவள் வாழ்க்கையில் கேட்டுப் போகிற முதல் வேலை.

கடையில் அடித்து வாங்கி வந்த காகிதத்தை மேஜையில் விரித்து வைத்து, பேனாவால் சில வரிகளை அடித்துக்கொண்டிருந்தாள். 'குழுவாக இயங்கும் மனப்பான்மை உடையவர்' என்பதை அடித்தாள். 'சவால்களை விரும்புபவர்' என்பதையும் அடித்தாள். கிழவர் எழுந்து வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"கடைக்காரன் உனக்கு மாப்பிள்ளை பாக்கற மாதிரி எழுதியிருக்கான்."

"அதான் அடிக்கிறேன் மாமா. நான் சொல்லாததை எல்லாம் அவரே சேத்துட்டார்."

"எல்லாத்தையும் அடிச்சா என்னதான் மிஞ்சும்?"

"உண்மை மிஞ்சும்."

"அதுக்கு இவ்வளவு பெரிய காகிதம் வேணாமே" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் படித்தது கொஞ்சம். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் ஒரு சொல்லையும் விடமாட்டார். பெயர், முகவரி, படிப்பு என்று விரலை வைத்துக்கொண்டே இறங்கியவர், 'அனுபவம்' என்ற இடத்துக்கு வந்ததும் விரலை எடுக்கவில்லை. அங்கே இப்படி இருந்தது: 'வீட்டில் இதயம் நின்றுபோன என் மாமனாருக்கு, ஆம்புலன்ஸ் வரும்வரை மார்பை அழுத்தி உயிரை மீட்டேன். விசாரிக்க:' அதற்குப் பக்கத்தில் ஒரு தொலைபேசி எண். அவருடைய எண்.

"இது என்ன?"

"அனுபவம் மாமா."

"அது தெரியுது. அதுக்குள்ள நான் எதுக்கு?"

"எனக்கு வேற என்ன அனுபவம் இருக்கு? படிச்சு முடிச்ச எல்லார்கிட்டயும் இதே சர்டிபிகேட்தான் இருக்கு. ஆஸ்பத்திரியில பயிற்சின்னு கூட்டிட்டுப் போய் ஒருத்தர் முதுகுக்குப் பின்னால ஒருத்தரா நிக்க வெச்சாங்க. என் கையால நான் முழுசா செஞ்சது உங்களை மட்டும்தான்."

"செஞ்சதா? நான் என்ன நாற்காலியா, நீ செஞ்சு முடிக்க?"

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

"இதயம் நின்னுபோச்சுன்னு எழுதியிருக்கே. யாருக்கு நின்னுச்சு?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கு எதுவும் நிக்கலை. தரை வழுக்குச்சு, விழுந்தேன். விழுந்த அசதியில கண்ணசந்துட்டேன். எழுந்து பாத்தா ஆஸ்பத்திரி. நெஞ்சுக்கூடு பூரா சுத்தியலால அடிச்ச மாதிரி வலி. நின்னுபோன இஞ்சினை மேல ஏறிக் குத்தினா ஓடுமா?"

"ஓடுச்சே மாமா."

நடந்தது போன வருடம். காலையில் அவர் கண்ணாடி முன்னால் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தார். ஒரு கன்னம் முடிந்திருந்தது, மறு கன்னத்தில் நுரை இருந்தது. அப்படியே சரிந்தார். அப்போது மருமகள் பாதிப் படிப்பில் இருந்தாள். இதயம் நின்றுபோனதை டாக்டரும் பிறகு அவரிடம் விளக்கமாகச் சொன்னார். ஆனால் டாக்டரும் மருமகளும் ஒரே கட்சி என்பதில் கிழவருக்குச் சந்தேகமே இல்லை. அவர் கணக்கில் நடந்தது ஒன்றுதான்: மருமகள் அவருடைய விலா எலும்பை உடைத்தாள். பல் விளக்கக் குனிந்தாலும் வலி, தும்மினாலும் வலி என்று பல மாதம் அவதிப்பட்டார். முடிவெட்டுகிறவர், பேப்பர் போடுகிறவர், மருந்துக் கடைக்காரர் என்று கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

குரல் கேட்டு மகன் உள்ளேயிருந்து வந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்வது அவனுக்குப் பழகிய வேலை.

"அந்த ஒரு வரியை எடுத்துடேன்" என்றான் மனைவியிடம். "அப்பாவுக்குப் பிடிக்கலைன்னா விடு. பொறுமைசாலின்னு போட்டுக்கலாம்."

"யாரு, நானா? நீங்களே சொல்லுங்க, நான் பொறுமைசாலியா?"

மகன் தண்ணீர் குடிக்கப் போனான்.

"எடுக்க மாட்டேன் மாமா" என்றாள் அவள். எழுந்து நின்று சொன்னாள். "வேற எந்த வரியை வேணா எடுக்கறேன். இதை எடுத்தா இந்தக் காகிதத்துல நான் இல்லை."

"பொய்யை எழுதிட்டு எடுக்க மாட்டேன்னா?"

"பொய்னா அவங்க உங்களுக்கே போன் பண்ணட்டும். அதுக்குத்தான் உங்க நம்பரைப் போட்டிருக்கேன். உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க."

"சொல்வேன்."

"சொல்லுங்க."

"சொன்னா உனக்கு வேலை கிடைக்காது, பாத்துக்கோ."

"கிடைக்காட்டி போகட்டும். செஞ்சதைச் செய்யலைன்னு எழுதி வாங்கற வேலை எனக்கு வேணாம்."

காகிதத்தை மறுபடி அடித்து வாங்கிக்கொண்டு, அன்று சாயங்காலமே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

கிழவர் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காத்திருந்தார். என்ன சொல்லவேண்டும் என்று தயாராக வைத்திருந்தார். மறுநாள் ஒரு தடவை மணி அடித்தது. எடுத்தவுடன், "நான் சாகலை" என்றார். எதிர்முனையில் யாரோ தண்ணீர் வடிகட்டும் இயந்திரம் விற்கிறவள், "வாழ்த்துக்கள் சார்" என்றாள். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

கூப்பிடாதது கூப்பிட்டதைவிட மோசமாக இருந்தது. கேட்காமலே நம்பிவிட்டார்கள் போலிருக்கிறது. ஓர் ஆபீஸில் ஒரு காகிதம் போய்ச் சேர்ந்தால் அது அங்கேயே இருக்காது என்பது அவருக்குத் தெரியும். ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போகும், அங்கேயிருந்து வேறு ஆபீஸுக்குப் போகும். போகிற இடமெல்லாம், இந்த ஆளுக்கு இதயம் நின்றுபோனது என்று சொல்லிக்கொண்டே போகும். அவருடைய சட்டைப் பையில் கனரக வண்டி ஓட்டும் லைசென்ஸ் இருந்தது. அதைப் புதுப்பிக்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இதயம் நின்ற ஆளுக்கு எவன் முத்திரை குத்துவான்? இனி அவரை நம்பி யாரும் லாரியைக் கொடுக்கப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும்தான். அது வேறு விஷயம். ஓட்டாமல் இருப்பது வேறு, ஓட்டக்கூடாது என்று ஒருவன் சொல்வது வேறு.

அடுத்த நாள் காலையில் சட்டையை மாற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பினார்.

நிலையம் என்றதும் ஏதோ பெரிதாக நினைத்திருந்தார். தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை, அதற்குக் கீழே இரண்டு வண்டிகள். கழுவிய ஸ்ட்ரெச்சர் ஒன்று சுவரில் சாய்ந்து காய்ந்துகொண்டிருந்தது. ஃபினாயில் வாடை. வாசலில் கறுப்பு ஷூக்கள் வரிசையாக, எப்போது வேண்டுமானாலும் காலை நுழைத்து ஓடுகிற மாதிரி, முன்பக்கம் தெருவைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒரு வண்டியின் முன் சீட்டில் டிரைவர் காலை வெளியே நீட்டிப் படுத்திருந்தான். கிழவர் வழக்கப்படி முதலில் டயரைப் பார்த்தார்.

"முன் டயர் உள்பக்கமா தேஞ்சிருக்கு."

"தெரியும் பெரியவரே" என்றான் டிரைவர் கண்ணைத் திறக்காமல். "கடையில புது டயர் வந்தாச்சு. இன்னிக்கு மாத்தறோம். காத்து எவ்வளவு இருக்குன்னும் சொல்லவா?"

கிழவர் உள்ளே போனார்.

மேஜையில் ஐம்பதை ஒட்டிய பெண் ஒருத்தி, ஒரு காலை இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்து, முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் டம்ளருக்கு அடியில் ஒரு கட்டுக் காகிதம்.

"பொறுப்பாளர் இருக்காராம்மா?"

"நான்தான் ஐயா."

"பெரியவங்க யாரும் இல்லையா?"

"இருக்கறதுலயே பெரியவ நான்தான். உக்காருங்க."

உட்காரவில்லை. "எங்க வீட்டுப் பொண்ணு ஒரு பயோடேட்டா குடுத்திருக்கா. அதுல தப்பா ஒண்ணு எழுதியிருக்கு. அடிச்சுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எந்தப் பொண்ணு?"

"மாமனாரைப் பத்தி எழுதியிருப்பா."

பொறுப்பாளர் காலைக் கீழே இறக்கினாள். டம்ளரை நகர்த்தி, கட்டைப் புரட்டி, ஒரு காகிதத்தை உருவினாள். காகிதத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடியும் காகிதத்தைப் பார்த்தாள்.

"அந்த மாமனார் நீங்கதானா?"

"ஆமா. நான் சாகலை."

"பாத்தாலே தெரியுது ஐயா."

"இப்ப இல்லை. அப்பவும் சாகலை."

அவள் சிரிக்கவில்லை. அதனால் கிழவருக்கு அவள்மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது. "உங்களுக்குப் போன் பண்ணணும்னுதான் இருந்தேன்" என்றாள். "எனக்கும் இதுல நம்பிக்கை இல்லை. இந்த மாதிரி வரி எழுதறவங்க நிறைய வர்றாங்க. போன தடவை ஒருத்தன், வெள்ளத்துல போன ஒரு குடும்பத்தையே நீந்திப்போய்க் காப்பாத்தினேன்னு எழுதியிருந்தான். விசாரிச்சா அவனுக்கு நீச்சலே தெரியாது."

"பாத்தீங்களா? எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க."

"அப்ப இதையும் அடிச்சுடலாம்?"

"அடிங்க."

பேனாவின் மூடியைக் கழற்றினாள். "ஆக, நீங்க விழுந்தீங்க. தானா எழுந்துட்டீங்க. உங்க மருமக ஒண்ணும் செய்யலை. அப்படித்தானே?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் வந்த வேலை முடிந்திருக்கும். சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் மாதக்கணக்கில் தும்மலை அடக்கி அடக்கி வாழ்ந்த மனிதர் அவர். அத்தனை வலியையும் இந்த அம்மாள் ஒரு சொல்லில் இல்லை என்று ஆக்குகிறாளே என்று பொத்துக்கொண்டு வந்தது.

"ஒண்ணும் செய்யலையா? என்னம்மா நீங்க, இப்படிச் சாதாரணமா கேக்கறீங்க? என் விலாவை உடைச்சா!"

மூடியைக் கழற்றிய பேனா அப்படியே நின்றது. "எந்த விலா?"

"ஒண்ணா ரெண்டா? மூணு!" சட்டைப் பொத்தானைக் கழற்றினார். "இங்க பாருங்க. நெஞ்சுக்கு இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ஒண்ணு. இன்னும் கை வெச்சா மேடு தெரியும்."

"விழுந்தப்ப உடைஞ்சிருக்கும்."

"விழுந்தா ஒரு பக்கம்தானே உடையும்? ரெண்டு பக்கமும் எப்படி உடையும்? நான் என்ன திரும்பிப் படுத்து ரெண்டாந்தடவை விழுந்தேனா?"

"சரி, உடைஞ்ச சத்தம் கேட்டதும் பயந்து நிறுத்திட்டா, இல்லையா?"

"நிறுத்தறதா!" கிழவர் இப்போது தானாகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இவ்வளவு அக்கறையாக யாரும் அவர் குறையைக் கேட்டதில்லை. மருந்துக் கடைக்காரன்கூடப் பாதியில் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவான். "கேளுங்க. என் பையன் பக்கத்துலயே இருந்தான். அவன் சொன்னதைச் சொல்றேன். முதல் எலும்பு உடைஞ்சப்ப அந்தச் சத்தம் கூடம் வரைக்கும் கேட்டுச்சாம். இவன் பதறிப்போய், விடு, அப்பாவுக்கு எலும்பு உடையுதுன்னு அவ தோளைப் பிடிச்சு இழுத்திருக்கான். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா?"

"என்ன சொன்னா?"

"கையை எடு. வாயை மூடிக்கிட்டு ரோட்டுல போய் நில்லு, ஆம்புலன்ஸ்காரன் வீடு தெரியாம தாண்டிப் போயிடப் போறான். இப்படிச் சொல்லியிருக்கா. கட்டின புருஷன்கிட்ட பேசற பேச்சாம்மா இது?"

"அவர் போனாரா?"

"ஓடினான். அவன் என்னிக்கு எதிர்த்துப் பேசியிருக்கான்?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, குத்து குத்துன்னு குத்தினா. எண்ணிக்கிட்டே குத்தினாளாம், தெருவுக்கே கேக்கற மாதிரி. எதிர் வீட்டு அம்மா என்னமோ ஏதோன்னு ஓடி வந்து முகத்துல தண்ணி தெளிக்கப் போயிருக்காங்க. நல்ல மனசோட வந்தவங்க. அவங்களையும் அதட்டி, தண்ணியைக் கீழ வை, இப்படி மண்டி போட்டு உக்காரு, என் கை ஓஞ்சா நீ அழுத்தணும்னு பக்கத்துல உக்கார வெச்சுட்டாளாம். வயசுக்கு ஒரு மரியாதை வேண்டாம்?"

"எதிர் வீட்டம்மா அழுத்தினாங்களா?"

"அவங்களுக்கு முறை வரவே இல்லை. இவ விட்டாத்தானே? வண்டிக்காரனுங்க வந்து நெஞ்சுல ஏதோ ஒட்டிக் கரண்ட் வெக்கறப்ப மட்டும் கையை எடுத்திருக்கா. வெச்சு முடிச்சதும் மறுபடி வந்து கை வெச்சுட்டாளாம். மூணு விலா போயும் அவளுக்கு ஆத்திரம் அடங்கலை."

சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். வாசலில் டிரைவர் எழுந்து உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். பொறுப்பாளர் ஒன்றும் எழுதவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கறேன். எலும்பு உடைஞ்சப்ப வலிச்சுதா?"

"எப்ப?"

"உடையறப்ப. முதல் எலும்பு."

கிழவர் பொத்தானைப் போட ஆரம்பித்தார். "தூங்கறவனுக்கு எப்படித் தெரியும்?"

"மூணு விலா உடைஞ்சும் கலையாத தூக்கமா அது?"

"நான் அசந்து தூங்கறவன்."

"லாரிக்காரன் தூக்கம்" என்றான் டிரைவர் வாசலிலிருந்து.

"உன்னை யாரும் கேக்கலை" என்று அந்தப் பக்கம் திரும்பி ஓர் அதட்டல் போட்டார். அதட்டியும் அந்தக் கேள்வி போகவில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்த அன்று மருமகள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவருக்குத் தண்ணீர் கொடுக்க டம்ளரை எடுத்தவள் ஒரு கையால் தூக்க முடியாமல் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். கைக்கு என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை மாமா என்றாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் சமையலறையில் மகன்தான் பாத்திரம் தூக்கினான். இதை அவர் இந்த அம்மாளிடம் சொல்லப்போவதில்லை. சொல்லவேண்டிய அவசியம் இல்லை. அது வீட்டு விஷயம்.

"சரி" என்றாள் பொறுப்பாளர். "இப்ப இதுல என்ன இருக்கணும்? நீங்களே சொல்லுங்க. அப்படியே எழுதறேன்."

"இதயம் நின்னுபோனன்னு இருக்கே, அதை அடிங்க."

அடித்தாள்.

"உயிரை மீட்டேன்னு இருக்கே, அதையும் அடிங்க."

"அடிச்சாச்சு. பதிலா?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். சரக்கு இறக்குகிற இடத்தில் மூட்டைக் கணக்கு சொல்கிற தோரணை தானாக வந்தது. "மாமனாருடைய விலா எலும்பு மூணை உடைச்சவள். எழுதினீங்களா? புருஷன் தடுத்தும் கேக்கலை. பெரியவங்க வந்து சொல்லியும் கேக்கலை. ஆம்புலன்ஸ்காரன் வந்து விடுன்னு சொல்ற வரைக்கும் விடலை."

அவள் ஒரு சொல் விடாமல் எழுதினாள். எழுதியதைத் திருப்பி அவர் பக்கம் வைத்தாள். அவர் விரலை வைத்துக் கூட்டிப் படித்தார். சரியாக இருந்தது.

"மரியாதை தெரியாதவள்னும் போடுங்க."

"அதைப் போட மாட்டேன் ஐயா. போட்டா என்னைப் பத்தியும் சேத்து எழுதின மாதிரி ஆயிடும். இப்படிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டார். நிதானமாக, கடைசி எழுத்தின் வாலை நீட்டி, லாரி ஷெட்டில் போடுகிற மாதிரி. "இந்தக் காகிதம் வேற எந்த ஆபீசுக்கும் போகாதே?"

"இந்த மேஜையை விட்டு நகராது."

அவருக்கு நெஞ்சு லேசானது. அதற்குள் அவள் கைபேசியை எடுத்து, காகிதத்தின் தலையில் இருந்த மருமகளின் எண்ணைப் பார்த்துப் பார்த்து அழுத்தினாள்.

"வணக்கம்மா. ஆம்புலன்ஸ் நிலையத்துல இருந்து பேசறேன். நாளைக்குக் காலைல வர முடியுமா?... இன்டர்வியூ எல்லாம் முடிஞ்சுபோச்சு. ஒரு வாரம் எங்ககூட வண்டியில ஏறிப் பாருங்க, ஒத்துவந்தா மத்ததைப் பேசிக்கலாம். நல்ல ஷூ இருக்கா? வழுக்காததா?... ஆமா, உங்க மாமனார் இங்கதான் இருக்கார்... இல்லைம்மா, ஒண்ணும் ஆகலை, நல்லா உக்காந்து பேசிட்டிருக்கார். பதறாதீங்க."

கைபேசியை வைத்தாள். கிழவர் எழுந்து நின்றுவிட்டார்.

"என்னம்மா செய்றீங்க? நான் குறை சொல்ல வந்தவன்."

"தெரியும் ஐயா. இவ்வளவு நல்ல குறையை இந்த மேஜையில யாரும் சொன்னதில்லை."

"விளையாடறீங்களா?"

"இல்லை." அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "கைக்கு அடியில எலும்பு உடையறது தெரிஞ்சா முதல் தடவை பாதிப் பேர் கையை எடுத்துடுவாங்க. நல்லாப் படிச்சவங்கதான். கையை எடுத்தா ஆள் போயிடுவார்னு தெரிஞ்சும் எடுத்துடுவாங்க. நானே எடுத்திருக்கேன், என் முதல் வருஷத்துல. உங்க மருமக சொந்த மாமனார் எலும்பை உடைச்சும், சொந்தப் புருஷன் பிடிச்சு இழுத்தும் எடுக்கலை. அதை அவ எழுதவே இல்லை, உயிரை மீட்டேன்னு பொத்தாம் பொதுவா எழுதிட்டா. நீங்க வந்து சொல்லாட்டி இது கட்டோட கட்டா கிடந்திருக்கும்."

"நான் போயிருக்க மாட்டேன்."

"எங்க?"

"கையை எடுத்திருந்தாலும் போயிருக்க மாட்டேன். கொஞ்ச நேரத்துல தானா எழுந்திருப்பேன்."

"இருக்கலாம் ஐயா."

"இருக்கலாம் இல்லை. எழுந்திருப்பேன்."

"சரி."

அந்த 'சரி' அவருக்குப் பிடிக்கவில்லை. வாதாடுகிறவர்களை அவருக்குச் சமாளிக்கத் தெரியும், சரி சொல்கிறவர்களை என்ன செய்வது? கையெழுத்துப் போட்ட காகிதத்தைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று ஒரு நிமிடம் பார்த்தார். ஆனால் அதில் எழுதியிருந்ததில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவரே சொன்னது. எதைச் சொல்லி வாங்குவது?

"ஒரு ஆளோட விலாவை உடைச்சவளைக் கூப்பிட்டு வேலை குடுக்கறீங்க" என்றார். "நாளைக்கு ஊர்ல எத்தனை பேர் விலா உடையப் போகுதோ. அப்ப என்கிட்ட வராதீங்க. நான் முன்னாடியே சொல்லிட்டேன், கையெழுத்தும் போட்டுட்டேன்."

"வர மாட்டோம் ஐயா."

வெளியே வந்தார். டிரைவர் வண்டியின் பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏறுங்க பெரியவரே. அந்தப் பக்கமாத்தான் டயர் மாத்தப் போறேன், வீட்டுல விட்டுடறேன்."

"அதுல படுத்துக்கிட்டுப் போக இன்னும் நாள் இருக்கு."

"முன் சீட்டுல உக்காருங்களேன். யாரு படுக்கச் சொன்னா?"

"நீ ஓட்டி நான் உக்காரணுமா? தேஞ்ச டயரோட? போடா."

"தூங்கிடாம போங்க" என்றான் டிரைவர், சிரித்துக்கொண்டே.

கிழவர் திரும்பிப் பார்க்கவில்லை. மார்க்கெட்டுக்குப் பின்னால் சாலை கொஞ்சம் மேடாக ஏறும். வெயில் நேராக முகத்தில் அடித்தது. பாதி மேட்டில் மூச்சு முட்டியது. நின்றார். மூச்சுக்காக நிற்பதாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்று, பக்கத்திலிருந்த ஒரு கடையின் பெயர்ப் பலகையைக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். கண்ணாடிக் கடை. பழைய சட்டங்கள் மாற்றித் தரப்படும்.

சட்டைப் பையில் கைபேசி அடித்தது. திரையில் மருமகளின் எண். அவர் அதை எடுக்கவில்லை.

"விசாரிக்கவும் தெரியலை, ஆள் எடுக்கவும் தெரியலை" என்று கடைக்காரனுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "வழுக்கி விழுந்தவனைச் செத்தவன்கறாங்க."

பிறகு மேட்டில் மீதியையும் ஏறத் தொடங்கினார்.